பூஜ்யம் என்றால் ஆட்சேபனை இல்லை

எங்கள் மையத்தில் பூஜ்யம் என்றால் ஆட்சேபனை இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு முடிவுக்கு வருவதற்கு மூன்று வருஷமும் ஒரு ஏ.சி. கட்டடமும் தேவைப்பட்டன. கட்டடம் விருதுநகரில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் இருக்கிறது. 'பட்டாசுத் தொழிற்சாலைகள் கணினிப் பாதுகாப்பு மையம்' என்று வாசலில் மூன்றடி உயர எழுத்தில் எழுதியிருக்கும். என் பெயர் யாஸ்மின். அங்கே ஒப்பந்த ஊழியராக இருந்தேன். என் வேலை என்ன என்று நியமன ஆர்டரில் தெளிவாகப் போடவில்லை. நிரல் எழுதுவேன், கூட்டக் குறிப்பு எழுதுவேன், புரொஜெக்டரில் படம் வராவிட்டால் வயரை ஆட்டிவிடுவேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

மையம் தயாரித்த சாமான் ஒரு பெட்டி. சாம்பல் நிறம், ஒரு டிபன் கேரியர் உயரம் இருக்கும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் முந்நூற்று நாற்பது பட்டாசு கம்பெனிகளில், மருந்து கலக்கும் அறைக்கு வெளியே ஒரு கம்பத்தில் அதை மாட்டி வைத்திருக்கிறோம். அறைக்குள் இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். வெளியிலிருந்து உள்ளே போகத்தான் பெட்டியின் அனுமதி வேண்டும். பொத்தானை அமுக்கினால், பெட்டிக்குள் ஓடுகிற இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் உடனே கதவைத் திறந்துவிடாது. நாலு இடத்தில் கேட்கும். வெப்பம், ஈரப்பதம், ஆள் எண்ணிக்கை, மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த்து. இந்த நாலுக்கும் பாதுகாப்புக் கொக்கிகள் என்று பெயர். ஒவ்வொரு கொக்கியும் ஓர் எண்ணைப் பதிலாகத் திருப்பி அனுப்பும். பூஜ்யம் வந்தால் ஆட்சேபனை இல்லை. மைனஸ் எண் வந்தால் ஆட்சேபனை உண்டு. ஒரு மைனஸ்கூட வராவிட்டால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும்.

பெட்டி வருவதற்கு முன்னால் மருந்து கலப்பது காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான். பத்து மணிக்கு போர்மேன் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால், போதும் இறங்குங்க என்பார். முதலாளியே அங்கே நின்றாலும் மறுபேச்சு கிடையாது. பெட்டி வந்த பிறகு கைக்கு அங்கீகாரம் போய்விட்டது. பச்சை எரிகிறவரை வேலை நடக்கலாம் என்று விதி போட்டோம். சீசனில் ஆர்டர் குவிந்து கிடக்கிற முதலாளிக்கு இதைவிட இனிப்பான விதி வேறு வேண்டுமா? மதியம் இரண்டு மணிக்கும் மருந்து கலக்க ஆரம்பித்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சிவபாண்டி வந்தார். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு சாண் வயர். ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் வயர் சம்பந்தப்பட்டது என்பதால் என்னிடம் அனுப்பினார்கள்.

"அணில் கடிச்சிருக்கு தாயி. வெப்பம் பாக்குற வயரு அத்துத் தொங்குது. செவுத்துல கை வைக்க முடியல, பெட்டி பச்சை காட்டுது. எம் பொஞ்சாதி வீரலட்சுமி அந்த ரூம்லதான் மருந்து கலக்குறா."

மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். பெட்டி சரி என்கிறதே, உனக்கு என்ன என்று கேட்டிருக்கிறார் மேனேஜர். வயரைத் தானே முறுக்கி ஒட்டலாம் என்றால், பெட்டியில் கை வைத்தால் கம்பெனி லைசென்ஸ் போய்விடும். நான் எங்கள் திரையில் அந்தப் பெட்டியைத் தேடினேன். கோளாறு எதுவும் இல்லை என்று இருந்தது. கோளாறு இல்லாத பெட்டிக்கு மெக்கானிக்கை அனுப்ப விதி இல்லை.

அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வெப்பக் கொக்கியின் நிரலைத் திறந்தேன். முதல் வரியிலேயே பதில் பூஜ்யம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெப்பமானியிடம் கேட்கும். வெப்பம் அதிகம் என்று வந்தால் பதிலை மைனஸ் ஒன்று என மாற்றும். வெப்பமானி வாயே திறக்காவிட்டால் மாற்றாது. பூஜ்யம் பூஜ்யமாகவே வெளியே போகும். இது எழுதியவரின் கவனக்குறைவு என்று நினைத்தேன். அப்படி இல்லை. நிரல் எப்படி எழுத வேண்டும் என்று விதிக்கும் எங்கள் மரபு நூலின் நாற்பத்தாறாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'குறித்த காலத்தில் பதில் வராவிட்டால் ஆட்சேபனை இல்லை எனக் கருதப்படும்.' வாழ்நாள் முழுவதும் தடையின்மைச் சான்று கொடுத்தும் வாங்கியும் பழகிய அதிகாரிகள் எழுதிய நூல் அது. மனை அப்ரூவலுக்கு வைத்திருந்த விதியை அப்படியே எடுத்து வெடிமருந்து அறைக்கு வைத்துவிட்டார்கள்.

டீ ஆறுவதற்குள் திருத்தம் எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரி. அளக்க முடியாவிட்டால் மைனஸ் சொல். அவரிடம் திரையைக் காட்டினேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

அம்புட்டுத்தான் அண்ணே, மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்டால் முந்நூற்று நாற்பது பெட்டிக்கும் போய்விடும் என்றேன். எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒரு வாரம் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுஆய்வுக் குழுவில் மூன்று நாற்காலிகள். முதல் நாற்காலியில் தலைவர் முனைவர் விக்னேஷ்வரன். எந்த இடத்திலும் தலைவரைத் தவிர வேறு எதுவாகவும் இருந்து பழகாதவர். இரண்டாவதில் மரபுகள் அலுவலர் ராம்குமார். கொக்கிகள் எந்த எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும், எதை அனுப்பக் கூடாது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. மூன்றாவது நாற்காலி பயனாளர் பிரதிநிதிக்கு. ஆரம்பத்திலிருந்தே காலியாகக் கிடந்தது. தணிக்கையில் அதைக் குறை சொல்லியிருந்தார்கள். புகார் கொடுக்க வந்த சிவபாண்டியை அப்படியே அதில் உட்கார வைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகை, பேனா, தோள்பை எல்லாம் கொடுத்தார்கள். வாரா வாரம் வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து அவரை அனுப்ப வேண்டும் என்று ஆர்டரும் போனது. அவர் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கே முடிந்துவிடும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் கூட்டத்தில் திருத்தத்தின் தலைப்பைப் பார்த்தார்கள். ஐம்பது எழுத்துக்கு மேல் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது கூட்டத்தில் தலைப்பு சரியாக இருந்தது, ஆனால் எழுதியவர் ஒப்பந்த ஊழியர் என்பதால் நிரந்தர ஊழியர் ஒருவரின் பெயரும் வேண்டும் என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில்தான் அந்த வரியையே பார்த்தார்கள்.

ராம்குமாருக்கு ஒரு சந்தேகம். எந்த மைனஸ்? மைனஸ் ஒன்று என்றால் அனுமதி மறுப்பு. மைனஸ் ஐந்து என்றால் சாதனத்தைப் படிக்க இயலவில்லை. மைனஸ் இருபத்திரண்டு என்றால் கேள்வியே தவறு. வயர் அறுந்தது இதில் எந்த வகை? அணில் கடித்த வயரும் தானாக இற்றுப்போன வயரும் ஒரே வகையா? இந்த விவாதம் மூன்று வியாழக்கிழமைகள் நடந்தது. மூன்றாவது வாரம் சிவபாண்டி மெல்லக் கை தூக்கினார். எந்த மைனஸாக இருந்தாலும் கதவு திறக்காது அல்லவா என்று கேட்டார்.

"திறக்காது," என்றார் ராம்குமார். "ஆனால் தவறான காரணத்துக்காகத் திறக்காமல் இருக்கும். அதை நாம் அனுமதிக்க முடியாது."

தலைவர் இதை மிகவும் ரசித்தார். தாமும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்று நாற்பது நிமிஷம் பேசினார். சாரத்தை நான் குறிப்பில் எழுதினேன். ஆட்சேபனை தெரிவிப்பது ஒரு பொறுப்பு. மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டால்தான் அது பொறுப்பு. யார் மீதும் அதைத் திணிப்பது நிர்வாக மரபாகாது. அறுந்த வயராக இருந்தாலும், அது வாய் திறந்து சொல்லாத ஓர் ஆட்சேபனையை அதன் பெயரில் நாம் எழுதுவது நியாயமா? பேசி முடித்துவிட்டு, இதை ஆண்டு மலரில் போடச் சொன்னார்.

சிவபாண்டி அன்றைக்குப் படியிறங்கும்போது, நம்ம வரி உள்ளே போய்விட்டதா தாயி என்று கேட்டார். இன்னும் இல்லை அண்ணே என்றேன்.

அணிலைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் நடந்தது. அணில் சம்பந்தப்பட்டிருப்பதால் வேறொரு துறையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கடிதம் போட்டோம். பதினைந்து நாளில் பதில் வரவில்லை. அணிலைப் பொறுத்தவரை ஆட்சேபனை இல்லை எனக் கருதி மேலே சென்றோம். இந்த வாக்கியத்தை என் கையால்தான் தட்டச்சு செய்தேன்.

இதற்கிடையில் சிவபாண்டி இன்னொன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். சீசன் நெருங்கியதும் ஏழு பேரை விடுகிறார்கள். ஏழு பேர் இருக்கும்போதும் பெட்டி பச்சைதான் காட்டுகிறது. நான் ஆள் எண்ணும் கொக்கியைத் திறந்து பார்த்தேன். எழுதிய புண்ணியவான், உள்ளே எத்தனை பேரோ அந்த எண்ணையே பதிலாகத் திருப்பி அனுப்பியிருந்தார். ஏழு பேர் என்றால் ஏழு. கெர்னலுக்கு மைனஸ் மட்டும்தான் ஆட்சேபனை. எழுபது பேரை அடைத்தாலும் கதவு திறக்கும்.

ராம்குமாருக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. "பிளஸ் எண் பிழையாகாது. மரபு நூல் பக்கம் அறுபத்தொன்று. அது தகவல்," என்றார். ஏழு என்ற தகவலைத் தவறாமல் அனுப்பிவரும் அந்தக் கொக்கிக்குக் குழுவின் பாராட்டைப் பதிவு செய்யச் சொன்னார் தலைவர். பதிவு செய்தேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, கூட்டத்துக்குப் பதிலாகக் கள ஆய்வு. சிவபாண்டியையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கார்களில் போனோம். தலைவர் சாத்தூரில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்றதால், ஆனைக்குட்டம் போய்ச் சேர மதியம் இரண்டு மணியாகிவிட்டது. பொட்டல் காடு. நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சிவபாண்டி தலைவரை மருந்து அறைச் சுவர்ப் பக்கம் கூட்டிப் போய், ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள் என்றார். தலைவர் வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். உள்ளங்கையைப் பார்த்தார், டிரைவரிடம் தண்ணீர் பாட்டில் கேட்டார். கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அறுந்த வயர் தொங்கியது.

வீரலட்சுமி அறையை விட்டு வெளியே வந்தார். செருப்பில்லாத கால், பருத்திச் சேலை, முழங்கை வரை வெள்ளைப் பொடி. கதவைக் காட்டி, "உள்ள வந்து செத்த நேரம் நின்னு பாருங்க சார்," என்றார்.

தலைவர் இரண்டடி பின்னால் போனார். தாம் அதற்கான பயிற்சி பெற்றவர் இல்லை என்றும், பயிற்சி பெறாதவர் உள்ளே செல்வது பாதுகாப்பு விதிகளுக்கு எதிரானது என்றும், விதியைத் தாமே மீறினால் மற்றவர்களுக்கு எப்படி முன்மாதிரியாக இருப்பது என்றும் சொன்னார். அன்றைய அறிக்கையில் அவர் சொல்லி நான் எழுதியது இதுதான்: 'பெட்டி பச்சை விளக்குடன் சிறப்பாக இயங்குவது நேரில் கண்டறியப்பட்டது.'

கார் கிளம்புகிற வரைக்கும் வீரலட்சுமி என்னோடு நின்றிருந்தார். அந்த ஒத்த வரியை எழுதின பிள்ளை நீங்கதானா என்று கேட்டார். ஆமாம் அக்கா என்றேன். வெயிலில் வந்திருக்கீகளே, ஏதாச்சும் சாப்பிட்டீகளா என்றார்.

"புரட்டாசி சீசன்ல காலையும் மத்தியானமும் விடாம ஓட விடுவாக தாயி. அதுக்குள்ள அதைப் போட்டு விட்டுருங்க," என்றார். சரி அக்கா என்றேன்.

போடவில்லை. திருத்தம் ஒன்பதாவது வடிவத்துக்கு வந்திருந்தபோது, மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கம் வைத்தார்கள். தலைப்பு 'பூஜ்யத்தை நோக்கி'. மேடையில் சிவபாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழுத்திலிருந்து எடுக்கவும் தெரியாமல், அதோடு நடமாடவும் பிடிக்காமல், சாப்பாட்டு வரிசையில் என்னைத் தேடி வந்து அதே கேள்வியைக் கேட்டார். பத்தாவது வடிவத்தில், நிரலுக்கு மேலே எழுதியிருந்த விளக்கக் குறிப்பில் 'இயலாவிட்டால்' என்பதா, 'இயலாத நேர்வில்' என்பதா என்று மாற்றி மாற்றி எழுதினோம். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அதே வேலைதான். கதவைச் சாத்துவதற்கான அந்த ஒரு வரியில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. அதைச் சுற்றியிருந்ததில்தான் குறை.

புரட்டாசி மாதம், வியாழக்கிழமை, பதினான்காம் வடிவம். கூட்டத்துக்கு வருகிறவர்களின் போனை வெளியே ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும், அது பாதுகாப்பு விதி. சிவபாண்டியின் போனும் தட்டில்தான் இருந்தது. மதியம் இரண்டேகால் இருக்கும். குறிப்பின் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கலாமா என்பதில் ராம்குமார் இருந்தார். அட்டெண்டர் கதவைத் திறந்து என்னை வெளியே கூப்பிட்டார். தட்டில் அந்த போன் பதினோராவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

அறையில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். தீப்பிடித்ததும் வாசல் பக்கம் இருந்த ஆறு பேர் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வீரலட்சுமி. அவர் கடைசியாக வந்தார். இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோய்விட்டன. வியாழக்கிழமையாக இல்லாமல் இருந்திருந்தால், சிவபாண்டி வேலை போனாலும் பரவாயில்லை என்று பத்து மணிக்கே அத்தனை பேரையும் இறக்கிவிட்டிருப்பார். மற்ற நாட்களில் அப்படித்தான் மேனேஜரோடு சண்டை போட்டு இறக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மனிதரை நாங்கள் ஏ.சி. அறையில் உட்கார வைத்து முற்றுப்புள்ளியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உள்ளே போய் அவர் காதில் சொன்னேன். எந்த ரூமு என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். தோள்பை கீழே விழுந்தது. பயனாளர் பிரதிநிதி தலைவரின் அனுமதியின்றி வெளியேறியதால், போதிய உறுப்பினர்கள் இல்லை என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

பத்து நாள் கழித்து விபத்து ஆய்வுக் கூட்டம். சிவபாண்டி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பெட்டியின் பதிவை நான் திரையில் போட்டேன். மதியம் இரண்டு மணி ஆறு நிமிஷம். வெப்பம் பூஜ்யம். ஈரப்பதம் பூஜ்யம். எர்த்து பூஜ்யம். ஆள் ஏழு. எல்லாம் மரபுக்கு உட்பட்டது என்றார் ராம்குமார்.

தலைவர் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"உயிரிழப்பு பூஜ்யம். பெட்டி பூஜ்யம் என்று சொன்னது, முடிவும் பூஜ்யமாக அமைந்தது. இதைவிடத் துல்லியமான ஒரு பாதுகாப்பு அமைப்பை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை."

காயம் ஒன்று இருக்கிறதே என்று நான் சொன்னேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தலைவர் ராம்குமாரைப் பார்த்தார்.

"ஒன்று என்பது பிளஸ் எண்," என்றார் ராம்குமார். "பிளஸ் எண் பிழையாகாது. தகவல் என்ற அளவில் பதிவு செய்துகொள்ளலாம்."

அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், வாசலில் நாய்க்குத் தண்ணீர் வைக்கிறவர். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, பக்கம் அறுபத்தொன்றை மனப்பாடமாகச் சொன்னார். எனக்கு அந்த மரபு நூலை எடுத்து அவர் மூஞ்சியில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

சிவபாண்டி எழுந்து நின்றார். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ தகவலு இல்ல சார். ரெண்டு கையிலயும் ஒரு விரலுகூட மடங்கல, அவளுக்கு நாந்தான் சோறு ஊட்டுறேன். நாலு மாசமா வாராவாரம் இங்கன வந்து ஒக்காந்திருக்கேன், ஒத்த வரிக்காக. எனக்கு ஆட்சேபனை இருக்கு. அதை எழுதிக்கோங்க."

தலைவர் என் பக்கம் திரும்பி, 'பயனாளர் பிரதிநிதி தமது கருத்துகளைப் பகிர்ந்துகொண்டார்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பூஜ்யம் சரியான பதில்தான் என்பது நடைமுறையில் நிரூபணமாகிவிட்டதால் பதினான்காம் வடிவம் தேவையற்றது என்று நிராகரிக்கிறோம் என்றார். அதையும் எழுதினேன். எழுதி முடித்து, பிரிண்ட் எடுத்து, மூன்று இடத்தில் கிளிப் போட்டுக் கொடுத்தேன். அந்த வேலையைச் செய்த கையை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்று மாலை எனக்கு இன்னொரு வேலை இருந்தது. பெட்டியின் சின்னத் திரையில் தீபாவளி வாழ்த்து தெரிய வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். ஒரு கையில் மத்தாப்பும் மறுகையில் அவர் பெயருமாக ஒரு படம். வாழ்த்துக்கு மறுஆய்வு தேவையில்லை என்பது விதி. வாழ்த்தை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் அல்லவா. எதை எல்லாப் பெட்டிக்கும் அனுப்புவதானாலும் தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதற்காகக் கணினியில் சொருகும் டாங்கிள் என்ற சின்னக் குச்சி என் மேஜை டிராயரில்தான் கிடக்கும். அதை எங்கே சொருகுவது என்று அவருக்குத் தெரியாது. கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிக் கொடுத்திருந்தார்.

மத்தாப்புப் படத்தோடு என் ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினேன். ஆள் எண்ணும் கொக்கிக்கும் ஒரு வரி போட்டேன். நாலுக்கு மேல் என்றால் மைனஸ். எந்த மைனஸ் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனிகளில் பொத்தானை அமுக்கினார்கள். முந்நூற்று நாற்பது கதவில் இருநூற்றுப் பதினொன்று திறக்கவில்லை. இருநூற்றுப் பதினோரு அறைகளில் வெப்பம் பார்க்கும் வயர் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அணில், கரையான், மழை, சில இடங்களில் முதலாளியின் கத்தரிக்கோல். செத்த வயரும் பூஜ்யம் சொன்னது, நல்ல வயரும் பூஜ்யம் சொன்னது, எது எது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லாமல் இருந்தது. ஒரு அறைக்கு நாலு பேர் என்றாலும் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆறு நாற்பதுக்குத் தலைவர் போன் செய்தார். நான் வீட்டில் இருந்தேன். முதலாளிகளின் கார் அவர் வீட்டு வாசலில் வரிசையாக நிற்கிறதாம். செய்ததை உடனே மாற்று என்றார். எனக்கு அதிகாரம் இல்லை சார் என்றேன். பதினோரு மணிக்கு என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழையபடி மாற்றிவிடலாம் என்று தலைவர் துடித்தபோது, ராம்குமார்தான் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாராம். ஒரு மாற்றத்தை நீக்குவதும் ஒரு மாற்றமே, மறுஆய்வு இல்லாமல் செய்ய முடியாது. என்னுடையதை நீக்கும் திருத்தம் இப்போது ஆறாவது வடிவத்தில் இருப்பதாக அட்டெண்டர் சொன்னார். இதற்கு நடுவில், திரையில் கோளாறு என்று சிவப்பாகத் தெரிவதால் விதிப்படி மெக்கானிக்கை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. வயர் மாற்றுகிறார்கள். மாற்றிய இடங்களில் பத்து, பதினோரு மணிக்கெல்லாம் கதவு சாத்திக்கொள்கிறது. என் மேல் ஒரு போலீஸ் புகாரும் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லலாம் என்று ஐப்பசிக் கடைசியில் ஆனைக்குட்டம் போனேன். கொஞ்சம் பெருமையாகத்தான் போனேன், மறைப்பானேன். வீரலட்சுமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தலையணை மேல் இருந்தன, தோல் இழுத்துப் பிடித்திருந்தது. சிவபாண்டி டீ போட்டுக் கொண்டுவந்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, அவருக்கு ஆற்றி ஆற்றிப் புகட்டினார். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இருநூற்றுப் பதினொன்று என்றபோது சிவபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். வீரலட்சுமி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதை அனுப்ப எம்புட்டு நேரமாச்சு தாயி?"

பத்து நிமிஷம் என்றேன்.

"அந்தக் கையெழுத்துக் குச்சி எப்பவும் உங்க மேசையிலதான் கெடக்குமோ?"

ஆமாம் அக்கா என்றேன்.

"ஆனி மாசத்துலயும் கெடந்துச்சா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிடந்தது என்றேன்.